கரண்ட் பயம் போனது: நோனெல் கேப் ஒரு வருட அனுபவம்

கல்குவாரியில் 18 வருடமாக வெடி போடும் வேலை பார்க்கிறேன், லைசென்ஸோடு. அதில் பெரும்பகுதி மின் கேப்தான், அதாவது குழியில் போட்ட வெடிமருந்தைக் கிளப்பிவிட, கரண்ட் கொடுத்து வெடிக்க வைக்கும் சின்னக் குப்பி. 2025 ஏப்ரல் 1 முதல் அதைத் தயாரிக்கவும் வைத்திருக்கவும் இறக்குமதி செய்யவும் மத்திய அரசு தடை போட்டதால், கரண்ட் இல்லாமல் வெடிக்கும் நோனெல் கேப்புக்கு மாறினோம்.

மின் கேப்பில் என்னைத் தூங்கவிடாதது கசிவுக் கரண்ட். வெடி மிஷினிலிருந்து வருவதா, வேறெங்கிருந்தோ வருவதா என்று கேப்புக்குத் தெரியாது. ஒருமுறை பள்ளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் 230 வோல்ட் கேபிள் உறை கிழிந்து ஈரப்பாறை மேல் கிடந்தது. கேப் பெட்டியைத் திறக்கும் முன் மீட்டர் வைத்தேன். 80 மில்லிஆம்பியர்! 50-ஐத் தாண்டினால் மின் கேப்பைக் கையிலேயே எடுக்கக் கூடாது. மோட்டார் லைனைக் கழற்றச் சொல்லி, மறுபடி அளந்து, பூஜ்யம் காட்டிய பிறகுதான் பெட்டியைத் திறந்தேன். அன்று அளக்காமல் விட்டிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. என் பின்னால் நான்கு பையன்கள் நின்றிருந்தார்கள்.

நோனெலில் அந்தப் பயம் இல்லை. கம்பிக்குப் பதில் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனில் பிளாஸ்டிக் குழாய். உள்சுவரில் மெல்லிய வெடிமருந்துப் பூச்சு, அதன் வழியே அதிர்வலை நொடிக்குச் சுமார் 2,000 மீட்டர் வேகத்தில் ஓடிக் கேப்பை அடைகிறது. ஸ்வீடனில் நைட்ரோ நோபல் கம்பெனி கொண்டுவந்த முறை. மோட்டார் கசிவோ செல்போனோ இதை எழுப்பாது. மின்னல் மட்டும் வேறு கதை. மேகம் கறுத்து இடி கேட்டால் இதிலும் எல்லோரையும் வெளியேற்றிவிட வேண்டியதுதான்.

குறையும் இருக்கிறது. மின் கேப்பில் இணைப்பு சரியா என்று வெடிக்கும் முன் மீட்டரிலேயே பார்த்துவிடலாம். இதில் முடியாது, கண்தான் மீட்டர். குழாய் மடங்கியிருக்கிறதா, கல் பட்டு வெட்டியிருக்கிறதா, முனையில் தண்ணீர் ஏறியதா என்று ஒவ்வொரு குழியாக நடந்து பார்க்கிறேன். 40 குழி என்றால் அரை மணி நேரம் கூடுதல். விலையும் கூட. அப்புறம் வெடி போட்ட பிறகு குழாய்த் துண்டுகள் ஜல்லியோடு கலந்து கிரஷர் பெல்ட் வரை வந்துவிடுகின்றன, அதைப் பொறுக்கவே ஒரு ஆள் போட்டிருக்கிறோம்.

இருந்தாலும் வாங்கலாம். மின் கேப்புக்குத் திரும்பச் சொன்னால் நான் போக மாட்டேன். பழைய கசிவு மீட்டரை மட்டும் தூக்கிப் போடவில்லை. மோட்டார் கேபிளை வாரம் ஒருமுறை இன்னும் அதில்தான் பார்க்கிறேன், ஈரப்பாறையில் வெறுங்காலோடு நிற்கிற பையன்களுக்காக.