நாகர்கோவில் வெக்கையில் கடல் சாமந்தி: பல வருட வளர்ப்பு அனுபவம்

ஒக்கிப் புயலுக்கு முன்பிருந்தே எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் கடல் சாமந்தி (ஸீ அனிமோன்) இருக்கிறது. பார்க்கப் பூ மாதிரி இருந்தாலும் அது விலங்குதான். நாலடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. சுமார் 250 லிட்டர் பிடிக்கும். இருப்பது கைநுனி குமிழ் போல இருக்கும் பபிள் டிப் வகை, அறிவியல் பெயர் என்டக்மேயா குவாட்ரிகலர். கூடவே ஒரு ஜோடி கோமாளி மீன். வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: தண்ணீரை ஒரே மாதிரி வைத்திருக்க முடியும் என்றால் வாங்குங்கள். சூடு, உப்பு எண்கள் கொஞ்சம் முன்பின் இருப்பதை அது தாங்கிக்கொள்கிறது. இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று மாறுவதைத்தான் தாங்குவதில்லை. அதனால்தான் புதுத் தொட்டியில் விடவே கூடாது. ஆறு மாதமாவது ஓடி, கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்தில் நிலைத்திருக்க வேண்டும். ஒரு வருடம் பொறுத்தால் இன்னும் நல்லது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் முதல் சிக்கல் வெக்கை. இதற்கு 24 முதல் 27 டிகிரி வரை சுகம். சித்திரை, வைகாசியில் நாகர்கோவில் வீட்டு அறையே 31, 32க்குப் போய்விடும். சாமந்தியின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெளிச்சத்தை வாங்கி அதற்குச் சாப்பாடு செய்து கொடுக்கிறது. தண்ணீர் சூடேறினால் அந்தப் பாசி வெளியேறி, உடம்பு வெளுத்துவிடும். 1998இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்ததும் இதே மாதிரிதான்.

தொட்டியின் மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு டிகிரி குறையும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கடைசியில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கினேன். தொட்டிக்குச் செய்த செலவிலேயே பெரியது அதுதான், மறுபடியும் வாங்கச் சொன்னாலும் முதலில் அதைத்தான் வாங்குவேன். சில்லரை வராந்தாவில் வைத்துக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவந்திருக்கிறேன். அறைக்குள் வைத்தால் அது கக்கும் சூட்டை அதுவே திரும்பக் குளிர்விக்க வேண்டியிருக்கும்.

ஃபேன் ஓடும் தொட்டியில் தண்ணீர் வேகமாக ஆவியாகும். உப்பு அப்படியே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கடல்நீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஒரே மூச்சில் ஊற்றுவதும் ஆகாது. மிதவை வைத்த டாப்-அப் பொருத்தினால் சொட்டுச்சொட்டாக இறங்கும், அடர்த்தி 1.025இல் நிற்கும். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறது, தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். எங்கே, எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி, மணக்குடியில் பழையாறு, கடியப்பட்டணத்தில் வள்ளியாறு. இந்த முகத்துவாரங்களின் பக்கம் மழைக்காலத்தில் போகவே கூடாது. துறைமுகத்துக்குள்ளும் வேண்டாம், டீசல் படலம் இருக்கும். குளச்சல் பக்கம் வள்ளத்தில் போகும் ஒரு அண்ணன் கரையை விட்டு நல்ல தூரம் உள்ளே போனபிறகு கேன்களில் பிடித்து வருவார். கச்சான் காற்று வலுத்து ஆறு பெருகிவிட்டால் அவரே சொல்லிவிடுவார்: "மக்கா, ஆத்து வெள்ளம் கலங்கி வந்து கெடக்கு. இப்பம் வேண்டாம்." அந்த மாதங்களில் பாக்கெட் உப்பு கலக்கிக்கொள்வேன். கடல்நீரோ கலக்கிய நீரோ, தொட்டியின் உப்பளவுக்கும் சூட்டுக்கும் கொண்டுவந்த பிறகுதான் மாற்றுவேன், அதுவும் பத்தில் ஒரு பங்குதான்.

விளக்கு நீலமும் வெள்ளையும் கலந்த சாதாரண ரீஃப் எல்.இ.டி., கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் நடுத்தரம். இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தண்ணீரை அலையடிக்க வைக்கும் மோட்டாரான வேவ்மேக்கர் விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். கடல் சாமந்தி நடக்கும். இடம் பிடிக்காவிட்டால் பாறையில் ஒட்டியிருக்கும் அடிக்காலைத் தளர்த்தி, கண்ணாடி வழியாகவே தொட்டியின் மறுமுனைக்குப் போய்விடும். போகிற வழியில் மோட்டார் உறிஞ்சினால் துண்டுதுண்டாகிவிடும். அந்தக் கழிவில் மீன்களும் போய்விடும். எல்லா உறிஞ்சு வாய்க்கும் ஸ்பாஞ்ச் உறை போட்டிருக்கிறேன். அது தானாகத் தேர்ந்தெடுத்த பாறை இடுக்கிலிருந்து பிடுங்கி, நமக்கு அழகாகத் தெரியும் இடத்தில் வைக்கவும் கூடாது. கால் கிழிந்தால் பிழைப்பது கஷ்டம்.

வாரம் ஒருமுறை கொண்டைக்கடலை அளவு இறால் துண்டு போதும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடை, இறால் கிடைப்பது அருகிவிடும். அப்போது வள்ளக்காரர்களிடம் கிடைக்கும் கணவாயை நறுக்கி ஃப்ரீசரில் வைத்துக்கொள்வேன். துண்டை இடுக்கியால் பிடித்து சாமந்தியின் ஒரு கையின் நுனியில் தொட்டதும் ஒட்டிக்கொள்ளும். பக்கத்துக் கைகள் ஒவ்வொன்றாக அதன்மேல் மடியும். பிறகு வட்டின் அந்தப் பக்கம் மட்டும் உள்நோக்கிச் சுருங்க, நடுவிலிருக்கும் வாய் கோடு போலத் திறந்து வாங்கிக்கொள்ளும். கோமாளி மீன் அதற்குள் பிடுங்கப் பார்க்கும் என்பதால் மீனுக்கு முதலில் போட்டுவிடுவது நல்லது.

சில நாள் சுருங்கி, வாய்வழியாகப் பழுப்பு நூல் போலக் கக்கும். அது கழிவு, பதற வேண்டாம். மறுநாள் விரிந்துவிடும். கைநுனியில் குமிழ் மறைந்து நீண்டுபோவதும் நோயல்ல. வாய் பிளந்தே கிடந்து, கால் பிடிப்பு விட்டு, நாற்றமும் வந்தால் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். மீனுக்குச் செம்பு கலந்த மருந்து போடுவதென்றால் வேறு தொட்டியில்தான். செம்பு இதற்கு விஷம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தபோது பல நாள் கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றுதான் துணை. தீனியை அடியோடு நிறுத்தினேன். தின்னாமல் இருந்தால் அம்மோனியாவும் அதிகம் ஏறாது. மழையால் அறையும் குளிர்ந்திருந்தது. சாமந்தி கைப்பிடி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. கரண்ட் வந்ததும் விளக்கை முழு நேரம் போடாமல், சில மணி நேரத்தில் தொடங்கி மெல்லக் கூட்டினேன். கார்த்திகை முடிவதற்குள் பழைய அகலத்துக்கு வந்துவிட்டது.

கடினப் பவளம் எதுவும் என் தொட்டியில் கிடையாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது அது. யார் மலிவாகத் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். பாறையெல்லாம் செயற்கைதான்.

கடலிலிருந்து பிடித்த சாமந்தியையும் தவிர்க்கலாம். பிரிட்டன் கடற்கரையில் 1828இல் எடுத்த வேறு வகைச் சாமந்தி ஒன்று 1887 வரை ஜாடியிலேயே வாழ்ந்திருக்கிறது. அவ்வளவு நாள் இருக்கக்கூடிய உயிரைப் பாறையிலிருந்து பெயர்ப்பானேன்? பபிள் டிப் தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகும். என்னிடம் பிரிந்தவை மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் நண்பர்கள் வீட்டில் இருக்கின்றன. வளர்ப்பவரிடமிருந்தே அப்படிப் பிரிந்த ஒன்றை வாங்குங்கள். கை தொட்டால் ஒட்ட வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், கால் முழுதாக இருக்க வேண்டும். பளீர் வெள்ளையாக இருப்பது பாசி இழந்தது, அடிக்கும் மஞ்சளோ ரோஸோ என்றால் பெரும்பாலும் சாயம். இரண்டையும் எடுக்காதீர்கள்.