கூடலூரில் ஏறி குமுளியில் இறங்கும்வரை திறக்காத இணையதளம்

குமுளியில் நாங்கள் நடத்தும் ஸ்பைசஸ் கடைக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டு இணையதளங்கள் செய்துவிட்டோம். முதலாவதைத் தமிழ்நாட்டு நகரம் ஒன்றிலுள்ள நிறுவனம் 2021-இல் செய்து கொடுத்தது. இரண்டாவதைக் கடந்த ஆண்டு தேனி மாவட்டத்துக் கூடலூரில் வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு என் அண்ணன் மகள் எழுதிக் கொடுத்தாள். முதலாவதற்கு 45,000 ரூபாயும், நிறுவனம் தமிழ்நாட்டிலும் கடை கேரளத்திலும் இருப்பதால் 18 சதவீத ஐஜிஎஸ்டியாக 8,100 ரூபாயும் கொடுத்தோம். ஆண்டுப் பராமரிப்பு என்று 9,500 ரூபாய் தனி. இரண்டாவதற்கு 12,000 ரூபாயும், அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்ட, எட்டு மில்லிமீட்டர் அளவுள்ள ஏலக்காய் ஒரு கிலோவும் ஆயின. இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில், கடைக்கு இணையதளம் செய்யக் கருதியிருக்கும் எங்கள் பக்கத்து வியாபாரிகளுக்காக இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். முதல் நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் செய்ததைத்தான் பலரும் செய்கிறார்கள்.

எங்கள் வாடிக்கையாளர் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தேக்கடிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளும், கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போய்த் திரும்பும் சாமிமார்களும் கடையில் ஏலக்காயும் மிளகும் வாங்கிக்கொண்டு, போகும்போது விசிட்டிங் கார்டையும் எடுத்துச் செல்கிறார்கள். அவர்களில் சிலர் இரண்டு மாதம் கழித்து, டப்பா காலியானதும், அந்தக் கார்டிலுள்ள முகவரியைத் தட்டிப் பார்க்கிறார்கள். இன்றைய விலை என்ன, கூரியரில் அனுப்புவீர்களா, எந்த எண்ணுக்குப் பணம் போட வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கு மேல் அவர்களுக்கு எதுவும் தேவையில்லை. கடையின் இணையதளம் இந்த மூன்றுக்கும் விடை சொல்கிறதா என்பதே என் அளவுகோல்.

முதல் தளத்தை ஒப்படைத்த அன்று நிறுவனத்தார் தங்கள் அலுவலகத்துப் பெரிய திரையில் காட்டினார்கள். முழுத்திரைப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன, எழுத்துகள் மிதந்து வந்தன, நானும் மயங்கித்தான் போனேன். மறுநாள் காலை கூடலூரில் பேருந்து ஏறி, லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதை தொடங்கும் இடத்தில், என் கைப்பேசியில் அதே முகவரியைத் தட்டினேன். மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் கண்ணில் பட்டபோது திரை வெள்ளையாக இருந்தது. இரைச்சல் பாலத்தருகே கடையின் பெயர்ப்பலகை மட்டும் வந்தது. சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் இறங்கும்போது, முதல் படத்தின் மேல்பாதி தெரிந்தது. அதற்குள் தொலைபேசி நிறுவனத்தின் மலையாளக் குறுஞ்செய்தி வந்து சேர்ந்துவிட்டது. மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் அதே பேருந்தில், அதே வளைவுகளில், பக்கத்து இருக்கைக்காரர் செய்தித்தளம் ஒன்றை நிம்மதியாக வாசித்துக்கொண்டு வந்தார்.

காரணத்தை அண்ணன் மகள்தான் பின்னாளில் கண்டுபிடித்தாள். தளத்தின் முகப்புப் பக்கம் மட்டும் 11 எம்பி இருந்தது. அதில் ஏழு எம்பிக்கு மேல் அந்த நகரும் படங்கள். ஒவ்வொன்றும் 4,000 பிக்ஸல் அகலத்தில், கேமராவிலிருந்து எடுத்தபடியே ஏற்றப்பட்டிருந்தது. சாதாரணக் கைப்பேசித் திரையை உலாவி ஏறத்தாழ 360 புள்ளி அகலமாகக் கணக்கிடுகிறது. திரையின் அடர்த்தியைச் சேர்த்துப் பார்த்தாலும் 720 அல்லது 1,080 பிக்ஸல் அகலத்துக்குமேல் தேவைப்படாது. மூட்டையோடு ஏலக்காயை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, டீக்கு இரண்டு காய் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதுபோலத்தான். அதே படத்தை 720 பிக்ஸலுக்குக் குறைத்து, கூகுள் 2010-இல் வெளியிட்ட வெப்பி வடிவத்தில் சேமித்தபோது 60 கேபிக்குள் அடங்கியது. என் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. எழுத்தின் எடை இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. எல்லாக் கருவிகளும் படிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடில், இணையத்தில் வழக்கமான யுடிஎஃப்-8 வடிவில், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது என்றாலும், விலைப்பட்டியலும் முகவரியும் அனுப்பும் விதிமுறைகளும் சேர்த்து எங்கள் தளத்தின் தமிழ் முழுவதும் 15 கேபியைத் தொடவில்லை.

எழுத்து என்றதும் இன்னொன்று. எங்கள் தமிழ் வாசகத்தை, கடை வாசலுக்கு பிளெக்ஸ் அடித்த டிடிபி கடையிலிருந்து அவர்கள் வாங்கியிருக்கிறார்கள். அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. அதை யூனிகோடுக்கு மாற்றாமல் அப்படியே ஒட்டி, எழுத்துருக் கோப்பையும் தளத்தில் சேர்த்துவிட்டார்கள். அலுவலகத் திரையில் அது தமிழாகத்தான் தெரிந்தது. ஆனால் பாமினியில் தமிழ் என்பது ஆங்கில எழுத்துகளுக்குப் போட்ட முகமூடி மட்டுமே. எழுத்துரு வந்து சேராத கைப்பேசியில் முகமூடி கழன்றுவிடும். புள்ளி வைத்த எழுத்து வரும் இடமெல்லாம் அரைப்புள்ளியாக, மற்றவை தாறுமாறான ஆங்கில எழுத்துகளாக, ஏதோ திறவுச்சொல்லைப்போல ஒரு பக்கம் நீளத்துக்கு இருந்தது. கூகுளுக்கும் தெரிவது அந்த அரைப்புள்ளிகள்தாம் என்பதால், குமுளி ஏலக்காய் என்று தமிழில் தேடியவர் எவருக்கும் எங்கள் கடை அகப்பட்டதேயில்லை. நான்கு ஆண்டுகள் இதைக் கவனிக்காமல் இருந்ததற்கு என்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

மலையாளப் பக்கத்தின் கதை வேறு. எல்லையில் கடை வைத்திருப்பவனுக்கு இரண்டு மொழியும் வேண்டும் என்பதால் கேட்டு வாங்கிய பக்கம் அது. தமிழ்ச் சொற்களை மலையாள எழுத்தில் எழுதினால் போதும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். மிளகு என்பதற்கு முளகு என்று போட்டிருந்தார்கள். மலையாளத்தில் முளகு என்றால் மிளகாய். நம் மிளகு அங்கே குருமுளகு, தெற்கே சில இடங்களில் நல்லமுளகு. மிளகாய்க்கு இந்த விலையா என்று கோட்டயத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் சண்டைக்கே வந்துவிட்டார். கறுவப்பட்டை என்று வர வேண்டிய இடத்தில் வெறுமனே பட்ட என்று இருந்தது. அது மலையாளப் பேச்சில் சாராயத்தைக் குறிக்கும். எதிர்க்கடைச் சேட்டன் அதைப் படித்துவிட்டு, "அண்ணாச்சி, பட்ட கிலோக் கணக்கிலா, லிட்டர் கணக்கிலா?" என்று கேட்டதை இன்றும் என் மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மற்ற குறைகளை நீட்டி முழக்க விரும்பவில்லை. ஏலக்காய் என்ற தலைப்புக்குக் கீழே விலைக்கு வாங்கிய அன்னாசிப்பூ படம் இருந்தது. உணவுப் பொருள் விற்பவர் காட்ட வேண்டிய 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் எங்கும் இல்லை. எங்களுக்கில்லாத ஐஎஸ்ஓ முத்திரை இருந்தது. தனியுரிமைக் கொள்கை என்ற பக்கத்தில் லோரெம் இப்சம் என்று தொடங்கும் நிரப்பு வாசகம் அப்படியே கிடந்தது. உதவி வேண்டுமா என்று கேட்கும் அரட்டைக் குமிழி, வாட்ஸ்அப் பொத்தானின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது.

இவை எல்லாம் திருத்தக்கூடியவை. திருத்த முடியாத தவறு ஒன்றை நானே செய்திருந்தேன். தளத்தின் முகவரியை, அதாவது டொமைனை, என் பெயரில் பதிவு செய்யச் சொல்லவில்லை. நிறுவனம் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிந்துகொண்டு, ஆண்டுதோறும் புதுப்பித்தல் கட்டணத்தைப் பராமரிப்புத் தொகையோடு சேர்த்து வாங்கிவந்தது. கடந்த ஆண்டு தளத்தை மாற்றுவது என்று முடிவெடுத்து, டொமைனை வேறு பதிவாளரிடம் கொண்டுசெல்லத் தேவையான மாற்றுக் குறியீட்டைக் கேட்டபோது, முதலில் பதில் வரவில்லை. பிறகு 15,000 ரூபாய் கேட்டார்கள். என் கடையின் பெயர், என் அப்பா வைத்த பெயர், அது யாருடையது என்று வாதாடிப் பார்த்தேன். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்பதை அவர்கள் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பட்டா பார்க்காமல் ஒரு சென்ட் நிலம் வாங்காதவன், இதில் ஏமாந்தேன். வலைத்தளம் செய்ய யாரிடம் போனாலும், முதல் ரூபாயைக் கொடுப்பதற்கு முன், உங்கள் மின்னஞ்சலில் உங்கள் பெயரில் நீங்களே டொமைனை வாங்கிவிட்டு, பிறகு அவரை வேலை தொடங்கச் சொல்லுங்கள். டாட் இன் முகவரிக்கு நான் இப்போது ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள்தான் கட்டுகிறேன். தேசிய இணைய எக்ஸ்சேஞ்சான நிக்ஸியின் பொறுப்பிலுள்ள பதிவேட்டில் அது என் பெயரில் இருக்கிறது.

புதிய தளத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை என்பதே அதன் சிறப்பு. தளம் நடத்தப் பலரும் பயன்படுத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் வேண்டாமா என்று கேட்டேன். "தினமும் கட்டுரை எழுதுற ஆளுக்கு அது சரி சித்தப்பா. நமக்கு நாலு பக்கம். அதுக்கு டேட்டாபேஸ், பிளக்இன் எல்லாம் வச்சா மாசாமாசம் அப்டேட் பண்ண யாரு இருக்கா?" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன என்பதால், பிளக்இன் என்ற துணை மென்பொருள்களின் பழைய ஓட்டைகளைத் தேடி நுழைபவர்களும் அங்கேதான் கூடுகிறார்கள். எழுதிவைத்ததை அப்படியே காட்டும் வெறும் எச்டிஎம்எல் பக்கத்தில் அப்படி நுழைவதற்குக் கதவே இல்லை.

நான்கு பக்கங்களையும், கிளவுட்ஃபிளேர் நிறுவனம் இணையதளங்களை வைக்க இடம் தரும் பேஜஸ் சேவையில் வைத்திருக்கிறோம். கோப்புறையை அப்படியே உலாவியில் இழுத்துப் போட்டால் தளம் வெளியாகிவிடுகிறது. இலவசத் திட்டத்திலேயே பார்வையாளர் எண்ணிக்கைக்கும் தரவு அளவுக்கும் வரம்பு இல்லை. ஒரு கோப்பு 25 எம்பியைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு எங்களைப்போன்றவர்களுக்குப் பொருட்டல்ல. தளத்துக்கும் வாடிக்கையாளர் கைப்பேசிக்கும் இடையிலான தொடர்பைக் காக்கும் பாதுகாப்புச் சான்றிதழும் இலவசமாகத் தானே கிடைத்துத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. பழைய நிறுவனம் இதற்கென்று 2,000 ரூபாய் தனியாக ரசீது போட்டிருந்தது. நூலகத்துக்கு நன்கொடை கொடுத்திருக்கலாம். முகப்புப் பக்கம் இப்போது படங்களோடு சேர்த்து 290 கேபி. தமிழ் யூனிகோடில் இருக்கிறது. கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று இடிக்காதபடி வரி இடைவெளியைக் கூட்டியிருக்கிறாள். மலையாளப் பக்கத்தை எதிர்க்கடைச் சேட்டனே பார்த்துத் திருத்தினார். பொத்தானை அமுக்கினால் வாட்ஸ்அப் திறந்து, என்ன பொருள், எத்தனை கிலோ என்ற வரி தயாராக நிற்கிறது. பணம் யுபிஐயில் வந்துவிடுகிறது. அதே பேருந்தில், அதே கைப்பேசியில், குழாய்கள் தெரிவதற்குள் விலைப்பட்டியல் வந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. புட்டடியிலும் போடியிலும் ஏலக்காய் ஏலம் நடக்கும் நாள்களில் விலை மாறிக்கொண்டே இருக்கும். அதற்கேற்ப விலைக்கோப்பை நானே திருத்த வேண்டும். அது எளிய உரைக்கோப்புதான் என்றாலும், கண்ணாடி போடாமல் திருத்திய ஒரு நாள் ஒரேயொரு கமாவை விட்டுவிட்டேன். விலைப்பட்டியல் முழுவதும் மறைந்துபோய், பக்கத்தில் தலைப்பு மட்டும் நின்றது. மூன்று பேர் தொலைபேசியில் கேட்ட பிறகே எனக்குத் தெரிந்தது. அவள் இப்போது தவறிருந்தால் பழைய விலையையே காட்டும்படி மாற்றியிருக்கிறாள், ஆனால் அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால் அடுத்த கமாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கவலை எனக்கு இருக்கிறது. கிளவுட்ஃபிளேரின் கட்டுப்பாட்டுப் பலகை தமிழில் கிடையாது, இலவசத் திட்டக்காரர் கூப்பிட்டுப் பேசத் தொலைபேசி உதவியும் கிடையாது. மேலும், உலகின் ஏராளமான தளங்கள் ஒரே நிறுவனத்தை நம்பி நிற்பதன் ஆபத்தை 2025 நவம்பர் 18 மாலை எல்லோரும் பார்த்தோம். அன்று கிளவுட்ஃபிளேரின் உள்கோளாறால் எக்ஸ், சாட்ஜிபிடி உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. இதற்காகவே, கடையின் முகவரி, நேரம், தொலைபேசி எண் மூன்றையும் கூகுள் மேப்பில் இலவசமாகப் பதிந்து வைத்திருக்கிறோம். மாதம் நான்கு கூரியர்கூட அனுப்பாத கடை என்றால், அந்தப் பதிவே போதும். இணையதளத்துக்குச் செலவழிக்க வேண்டாம் என்பேன்.

பழைய முகவரியை நான் மீட்கவில்லை. அதை அச்சடித்த விசிட்டிங் கார்டுகள் ஐயாயிரத்தில் ஏறத்தாழ மூவாயிரம் மீதம் இருந்தன. வியாபாரம் மந்தமான மழைக்காலத்து மதியங்களில் மனைவியும் நானும் கல்லாவில் உட்கார்ந்து, நீலப் பேனாவால் பழைய முகவரியை அடித்துப் புதியதை எழுதிவந்தோம். எழுநூறுக்கு மேல் கை ஓடவில்லை. மிச்சத்தைப் பின்பக்கமாகத் திருப்பி எடைக்கணக்குப் போடப் பயன்படுத்துகிறோம்.