மூன்று வழிகள்: 2002 பேச்சில் ஹக்கீம் எங்கே அமர்ந்திருக்க வேண்டும்?

2002 பெப்ரவரி 22-ஆம் திகதி ஒப்பந்தமான போர்நிறுத்தத்தில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும்தான் தரப்புகள். முஸ்லிம்களும் துன்பப்படுகிறார்கள் என்று அதன் முன்னுரை சொன்னது. மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் முஸ்லிம் ஊரான காத்தான்குடியும் தமிழ் ஊரான ஆரையம்பதியும் மதிலோடு மதில் ஒட்டிக் கிடக்கிற எங்களுக்கு அது போதவில்லை. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமுக்கு அப்போது மூன்று வழிகள் இருந்தன: அடுத்து வரவிருந்த சமாதானப் பேச்சுக்குத் தனித் தரப்பாகப் போவது, அரச குழுவில் ஒருவராகப் போவது, புலிகளோடு நேரே பேசுவது. மூன்றையும் அவர் முயன்றார்.

தனித் தரப்பு நியாயமான கோரிக்கை. ஒரு தமிழனாக இதைச் சொல்கிறேன். 1990 ஓகஸ்ட் 3-ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அதே மாதம் வீரமுனையில் கோயிலில் தஞ்சமிருந்த தமிழர்கள் முஸ்லிம் ஊர்காவல் படையினரால் கொல்லப்பட்டார்கள். இந்த இரண்டையும் முகத்துக்கு முகம் பார்த்துத்தான் பேச முடியும், கொழும்பு அமைச்சர்களால் ஆகிற காரியமில்லை. ஆனால் முஸ்லிம் குழுவை உரிய நேரத்தில் அழைப்போம் என்றே பதில் வந்தது. 2002 செப்டெம்பரில் தொடங்கி 2003 மார்ச் வரை ஆறு சுற்றுகள் நடந்தும் அந்த நேரம் வரவில்லை. ஏப்ரலில் புலிகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பே, ஜனவரியில், தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் ஒலுவில் பிரகடனத்தில் முஸ்லிம்களுக்குத் தன்னாட்சி கேட்டுவிட்டார்கள். இளைஞர்களின் பொறுமை தீர்ந்திருந்தது.

அரச குழுவில் இருந்ததால் ஹக்கீமுக்கு மேசையில் இடம் கிடைத்தது, உள்ளே நடப்பதும் தெரிந்தது. ஆனால் அமைச்சராக இருப்பவர் அமைச்சரவையை மீறி என்ன கேட்டுவிட முடியும்? எதிர்ப்பக்கம் புலிகளின் குழுவில், எங்கள் கிரானைச் சேர்ந்த கருணா இருந்தார். அவரும் வன்னியில் இருந்த தலைமையின் முடிவைத்தான் பேச வேண்டியிருந்தது. கிழக்கு மேசையில் இருந்தது, கிழக்குக்காகப் பேச ஆள் இல்லை. 2004 மார்ச்சில் கருணா புலிகளிடமிருந்து பிரிந்தபோது பலர் அதிர்ந்தார்கள். எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வந்தது.

நேரே பேசிய வழியைத்தான் நான் உயர்வாக மதிக்கிறேன். 2002 ஏப்ரல் 13-ஆம் திகதி ஹக்கீமும் பிரபாகரனும் வன்னியில் சந்தித்து உடன்பட்டார்கள். முஸ்லிம்களிடம் வரி வாங்குவதில்லை, வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் திரும்பலாம், புலிகளின் பகுதியில் கிடக்கும் காணிகளில் சொந்தக்காரர்கள் பயிர் செய்யலாம். அரசியல் தீர்வு பற்றிய பெரிய பேச்சு எதுவும் இல்லை. ஆனால் வயல் இருந்தது, வரி இருந்தது, வீடு இருந்தது. மற்ற இரண்டு வழிகளும் இவ்வளவு கிட்ட வரவேயில்லை.

எனக்குத் தெரிந்த காத்தான்குடிப் போடியார் (வயற்காரர்) ஒருவருக்கு, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பத்து ஏக்கர் வட்டை, அதாவது வயல், இருந்தது. பன்னிரண்டு வருசமாக அந்தப் பக்கம் அவர் போகவில்லை. அந்த ஜூன் தொடக்கத்தில் மண்முனைத் துறையில் பாதை என்கிற படகில் ஏறினார், நானும் கூடப் போனேன். வரம்பில் இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார். “தம்பி, இந்தப் பெரும்போகம் நான்தான் விதைக்கிற” என்றார்.

இந்த உடன்பாட்டின் குறையும் பெரியதுதான். மீறினால் யாரிடம் முறையிடுவது என்று அதில் வழி இல்லை. ஊர் மட்டத்தில் பள்ளிவாசல் ஆட்களும் கோயில் ஆட்களும் கூடி அதைக் காக்கும் சபை ஒன்றாவது வைத்திருக்கலாம். அது இல்லாததால் ஜூன் கடைசியில் வாழைச்சேனையில் தமிழ்-முஸ்லிம் கலவரம் மூண்டபோது எழுதியதெல்லாம் தாளோடு நின்றுவிட்டது. ஐப்பசியில் விதைப்பு வந்தது. போடியாரைத் தேடிப் போனேன். விதைநெல் மூட்டை திண்ணையில் கட்டியபடி இருந்தது. “காக்கா, போகல்லையா?” என்று கேட்டேன். மூட்டையைத்தான் காட்டினார்.