ஸ்லீப்பரா, டூ ஏசியா? தனியாகப் போகிறவருக்கு

கொல்கத்தாவிலிருந்து சென்னை சுமார் 1,660 கிலோமீட்டர். ஒரு நாளுக்கு மேல் ரயிலில்தான் வாசம். இந்த வழியில் தனியாக இரண்டு வகுப்பிலும் வந்திருக்கிறேன்.

டூ ஏசியில் ஒரு தடுப்புக்கு 6 படுக்கை, திரைச்சீலை, சலவை விரிப்பு. நல்ல தூக்கம். எதிர் சீட்டுக்காரர் சார்ஜர் கேட்டார், கொடுத்தேன். மொத்தப் பயணத்திலும் பேச்சு அவ்வளவுதான்.

ஸ்லீப்பரில் 8 பேர். நடுப் படுக்கையை இரவு 10 முதல் காலை 6 வரைதான் விரிக்கலாம் என்பதால், பகலெல்லாம் கீழ் சீட்டில் தோளோடு தோள் உட்கார்ந்தாக வேண்டும். பேசாமல் எப்படி இருப்பது? எதிரே, மகனின் சிகிச்சைக்காக வேலூர் போகும் வங்காளக் குடும்பம். மடியில் ஸ்கேன் உறை, டப்பாவில் பொரி. 'எவ்வளவு', 'தண்ணீர்', 'வலிக்குது' ஆகியவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அந்த அம்மா கேட்டு, வங்க எழுத்தில் குறித்துக்கொண்டார். பாதிப் பொரி என் கைக்கு வந்தது. லீவு கிடைக்கவில்லை என்று ஊரெல்லாம் நான் புலம்பியது நினைவுக்கு வந்து கூச்சமாக இருந்தது.

ராஜமுந்திரி தாண்டி கோதாவரிப் பாலம் வந்ததும், பக்கத்து தெலுங்குப் பாட்டி என் உள்ளங்கையில் ஒரு ரூபாயை அழுத்தி, ஆற்றில் போடச் சொன்னார். டூ ஏசி ஜன்னலைத் திறக்கவே முடியாதே!

சரி, ஸ்லீப்பரில் வெக்கை, புழுதி, முன்பதிவில்லாமல் ஏறும் கூட்டம் எல்லாம் உண்டு. பையைச் சங்கிலியால் பூட்டாமல் தூங்காதீர்கள். மே மாதத்திலோ, இறங்கியதும் ஆபீஸ் போக வேண்டியிருந்தாலோ நான் டூ ஏசிதான் போடுவேன். மற்றபடி ஸ்லீப்பர்.