மகனுக்கு வாங்கிய டேப்: ஆறு மாதம் கழித்து

ஐந்தாம் வகுப்புப் படிக்கிற மகனுக்கென்று தனியாக ஒரு டேப் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. வண்ணார்பேட்டையில் ஒரு கடை, பெயர் வேண்டாம். 8.7 அங்குலத் திரை, 64 ஜிபி, வைஃபை மட்டும், விலை 11,500 ரூபாய். பெட்டியைப் பிரித்தால் வயர் இருக்கிறது, சார்ஜர் இல்லை. கேட்டதற்கு "இப்பல்லாம் அப்படித்தான் சார் வருது" என்று சொல்லி 900 ரூபாய்க்கு ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள். மற்றபடி குறை இல்லை. இரண்டு தடவை மாடிப்படியில் விழுந்தது, கைப்பிடி வைத்த ரப்பர் கவர் காப்பாற்றிவிட்டது. மிக்சர் தின்ற கையோடு தடவித் தடவித் திரை எப்போதும் எண்ணெய்ப் பிசுக்காகத்தான் இருக்கும், அதற்கு டேப் என்ன செய்யும்.

பிள்ளை கையில் கொடுக்கும் முன்பே கூகுளின் ஃபேமிலி லிங்கைப் போட்டுவிடுங்கள், இலவசம்தான். எந்த ஆப்பை இறக்கப் போனாலும் என் போனுக்கு அனுமதி கேட்டு வருகிறது. தினம் ஒரு மணி நேரம், ராத்திரி 8 மணிக்குப் பூட்டு என்று வைத்தேன். முதல் வாரம் எனக்கு ஒரே பெருமை. 8 மணிக்கு டேப் பூட்டிக்கொண்டாலும் பயல் சத்தமே போடவில்லை, நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் உள்ரூமில் எட்டிப் பார்த்தால் போர்வைக்குள் வெளிச்சம். அவன் ஆச்சியின், அதாவது என் அம்மாவின் போன். பக்கத்திலேயே படுத்திருந்த அம்மா, "சின்னப் பிள்ளதானல, பாத்துட்டுப் போறான், விடு" என்கிறாள். அந்த போனின் லாக் நம்பர் அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது!

படிப்புக்கு என்று சொல்லித்தான் வாங்கினோம். பாடப் புத்தகத்தில் இருக்கிற க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வருகிற வீடியோக்களை என் போனின் சின்னத் திரையில் பார்ப்பதைவிட இதில் பார்ப்பது எவ்வளவோ மேல். செஸ் கற்றுக்கொண்டான், இப்போது என்னைத் தோற்கடிக்கிறான். சரி, அதெல்லாம் லாபம்தான். ஆனால் என் போனாக இருந்தவரை கேட்டு வாங்குவான், கேட்டால் திருப்பித் தருவான். தனக்கென்று ஒன்று வந்த பிறகு நான் கை வைத்தாலே "என் டேப்பை ஏம்ப்பா எடுக்கிய" என்று நிற்கிறான். சாயங்காலம் வ.உ.சி. மைதானத்துக்குப் போவதும் ஒவ்வொரு நாளாகக் குறைந்தது, ஒருநாள் மழை, ஒருநாள் கால்வலி. இதில் மூன்று வயதுத் தங்கச்சி வேறு, அண்ணனுக்கு இருக்கு எனக்கு எங்கே என்று அழுகை. 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. அதை அவளிடம் யார் சொல்வது?

அதனால் டேப்புக்கு 5-க்கு 3.5, ஃபேமிலி லிங்குக்கு 4, 'உனக்கே உனக்கு' என்று சொல்லிக் கொடுத்த எனக்கு 1. பத்து வயதில் தனியாக வேண்டாம், வீட்டுக்குப் பொதுவாக ஒன்று வாங்குங்கள், போதும். போன மாதத்திலிருந்து டேப், சார்ஜர் இரண்டும் ஹாலில் டிவிக்குப் பக்கத்து அலமாரியில், பேரும் 'வீட்டு டேப்'. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், அப்புறம் கிரிக்கெட் பேட்டைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். ஆச்சி போனின் லாக் நம்பரையும் மாற்றினோம். இரண்டே நாளில் அதுவும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. யார் சொன்னது என்று கேட்டால், அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுகிறாள்.