ஓன்லைன் உடற்பயிற்சி வகுப்பு: கனகாலம் செய்து பாத்த ஒராளின்ர கதை

எங்கட சனசமூக நிலையத்தில ஓன்லைன் உடற்பயிற்சி வகுப்பை இனியும் வச்சிருக்கிறதோ நிப்பாட்டுறதோ எண்டு ஒரு கதை ஓடுது. நான் 2020 ஊரடங்குக் காலத்தில இருந்து அதில இருக்கிறன், இடையில மண்டபத்து வகுப்புக்கும் போய் வந்தனான், அதால ரெண்டும் தெரியும். வச்சிருக்க வேணும் எண்டதுதான் என்ர எண்ணம், ஆனா இப்ப நடக்கிற மாதிரி இல்ல.

முதல் நெட் கதை. நான் முல்லைத்தீவில உடையார்கட்டுப் பக்கம், வீட்டுக்குள்ள சிக்னல் இழுபறி, முத்தத்துக்கு வந்தாத்தான் ஒழுங்கா வரும், அதால முத்தத்தில பாயை விரிச்சு, கதிரையில போனைத் தண்ணிப் போத்திலோட சாத்தி வச்சிட்டுத்தான் செய்யிறது. றோட்டால போற சனம் பாத்துச் சிரிச்சிது, பிறகு அவைக்கும் பழகீட்டுது. சூம்ல காசு கட்டாட்டி 40 நிமிசத்தில வெட்டிப்போடும், ரீச்சர் பாவம் அதுக்குள்ள வாம் அப்பில இருந்து கடைசி ஸ்ட்ரெச் வரைக்கும் ஓடி முடிப்பா. எங்கட வீடியோவை நிப்பாட்டினா டேட்டா மிச்சம், ஆனா நாங்கள் செய்யிறமோ இருந்து தேத்தண்ணி குடிக்கிறமோ எண்டு அவவுக்குத் தெரியாது (குடிக்கிற ஆக்களும் இருக்கினம், பேர் சொல்லேல்ல).

2022ல பெற்றோலும் இல்ல, மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டு. மண்டபத்து வகுப்பு தானா நிண்டுது, ஓன்லைன் வகுப்பு மட்டும் சார்ஜ் இருந்த போன்களோட நொண்டி நொண்டி ஓடினது.

பலன் என்னெண்டா, நாரி உளைவு நல்லாக் குறைஞ்சிருக்கு. சீனியும் குறைஞ்சதுதான், ஆனா குளிசையும் போடுறன், எதால எண்டு என்னால சொல்லேலாது. வயலுக்குப் போற எனக்கு என்னத்துக்கு உது எண்டு கேக்கிற ஆக்கள் கனபேர், நாள் முழுக்கக் குனிஞ்சு களை பிடுங்கின நாரியை நிமித்திற பயிற்சி வேற அப்பா. உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 நிமிசமாவது மிதமான பயிற்சி, அதோட ரெண்டு நாளாவது தசைக்கு வேலை குடுக்கிற பயிற்சி எண்டு சொல்லுது. கிழமைக்கு மூண்டு வகுப்பு எண்டா 120 நிமிசம்தான் வருது, மிச்சத்தை நடந்து தீக்கோணும்.

இனிப் பிழையளுக்கு வாறன். போன் ஸ்க்ரீன்ல ஒவ்வொராளும் தீப்பெட்டி அளவிலதான் தெரியிறம், ஸ்குவாட் (குந்தி எழும்பிற பயிற்சி) செய்யேக்க முழங்கால் உள்ளுக்கு மடங்குதோ முதுகு வளையுதோ எண்டு ரீச்சரால பாக்கேலாது. மண்டபத்தில எண்டா வந்து தோளைப் பிடிச்சு நிமித்தி விடுவா. அதைவிடப் பெரிசு ஒண்டு இருக்கு. எங்கட பக்கத்தில சண்டைக்குள்ள பட்ட செல் (எறிகணை) துண்டு உடம்புக்குள்ள இருக்கிற ஆக்கள் எத்தினை பேர், செயற்கைக் காலோட நடக்கிற ஆக்கள் எத்தினை பேர். ரீச்சர் வெளியிடம், அவவுக்கு உது தெரியாது, எல்லாரையும் துள்ளச் சொல்லுவா. எல்லாருக்கும் முன்னால மைக்கை ஓன் பண்ணி, எனக்கு முதுகில துண்டு இருக்கு, துள்ளேலாது எண்டு ஆர் சொல்லுவினம்? பேசாம கமராவை நிப்பாட்டிப்போட்டு இருப்பினம், இல்லாட்டி அடுத்த கிழமை வரமாட்டினம். ஆக்கள் குறையிறதுக்குச் சோம்பல் எண்டு காரணம் சொல்லுறவை இதை ஒருக்கா யோசிக்கோணும்.

ஆனா அதே ஆக்களுக்குத்தான் ஓன்லைன் கூடத் தேவை. எங்கட ஒழுங்கையில ஒரு அண்ணை கதிரையில இருந்தபடி கை, தோள் பயிற்சி எல்லாம் செய்யிறார், மண்டபத்து வாசல்ல மூண்டு படி, அந்தாள் எப்பிடி ஏறுறது? பிறகு கைப்பிள்ளைக்காரியள், பொழுதுபட்டா யானைப் பயத்தில வெளிக்கிடாத ஆக்கள், ட்ரக் பொட்டத்தோட நாலு பேருக்கு முன்னால நிக்க வெக்கப்படுற மாமிமார். ஓன்லைனை மூடினா உவை மண்டபத்துக்கு வருவினம் எண்டு கொமிட்டி நினைக்குது, வரமாட்டினம், வீட்டில இருப்பினம், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டா, புதுசா சேருற ஆக்களை ரீச்சர் ஒருக்காத் தனியாச் சந்திச்சு காயம், வருத்தம், குளிசை எல்லாம் விசாரிக்கோணும், மண்டபத்திலயோ போன்லயோ. கதிரைப் பயிற்சிக்கு வேற நேரம் ஒதுக்கோணும். அந்த றெக்கோட் பண்ணின வீடியோக்களை விடலாம், வட்ஸ்அப் குறூப்பில போட்டா கைகூப்பிற படம்தான் வருது, ஆரும் பாத்துச் செய்யிறதா நான் காணேல்ல. சூம்ல காசு கட்டிற எக்கவுண்ட் ஒண்டு எடுக்கிறதுக்கு மாசம் மாசம் ஒரு சின்னத் தொகை கேட்டாலும் நாங்கள் குடுப்பம்.

நிப்பாட்டுறதோ இல்லையோ எண்டு கதைக்கிற கூட்டத்தையும் அந்த மூண்டு படிக்கு மேலதான் வைக்கினமாம், வர ஏலாத ஆக்களிட்ட ஆர் கேக்கிறது? குறைஞ்சது அந்தக் கூட்டத்தையாவது சூம்ல விடுங்கோ, 40 நிமிசம் காணும்.