நாலு வருஷப் போனும் சிவப்பு நூல் கட்டிய கேபிளும்

மச்சினன் நேற்று கேட்டான். "அத்தான், உங்க போன் மாடலே தென்காசியில ஒருத்தர் நாலாயிரத்துக்குத் தாராரு, வாங்கட்டுமா?" ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். போன் ரிப்பேர் கடையிலிருந்து வந்து மூணு வாரம்தான் ஆகிறது, எனக்கு இன்னும் சூடு ஆறவில்லை, அதனால் நீளமாகவே எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயர், மாடல் எண்ணெல்லாம் வேண்டாம். பதினஞ்சாயிரத்துக்குள் 2021இல் எல்லோரும் வாங்கிய ரகம், 5000 எம்ஏஎச் பேட்டரி, 18 வாட் சார்ஜர், மற்றது உங்களுக்கே தெரியும்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாவம். 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது எங்கள் பக்கம் கரண்டு போய்விட்டது. தெருவில் பாதிப் பேரின் போன் செத்துக் கிடந்தபோது இது மட்டும் இரண்டாம் நாள் சாயங்காலம்வரை உயிரோடு இருந்து அக்கம்பக்கத்தார் சொந்தக்காரர்களிடம் பேச உதவியது. நாலைந்து தடவை மாடிப்படியில் உருண்டிருக்கிறது, கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. கேமராவும் குறை சொல்லும்படி இல்லை.

ஆனால் எனக்குப் போன் என்பது பேசுவதற்கு மட்டுமில்லை. திருநெல்வேலி டவுனில் சின்னதாக ஒரு டிடிபி கடை, அதாவது கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுக்கிற கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, ஆனித் திருவிழா வந்தால் பிளக்ஸ் டிசைன். எடுக்கிற போட்டோ அப்படியே கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். வாட்ஸப்பில் சும்மா அனுப்பினால் படம் சுருங்கிவிடும், பத்தடி பிளக்ஸில் மாப்பிள்ளை முகம் ரவை ரவையாகத் தெரியும். டாகுமென்டாக அனுப்பினால் தரம் போகாது, தெரியும். முந்நூறு போட்டோவை அப்படி அனுப்பிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம். கேபிளைச் செருகினோமா, இழுத்துப் போட்டோமா என்று இருக்க வேண்டும்.

அந்தக் கேபிள் விஷயத்தில்தான் இந்தப் போன் என் உயிரை வாங்கியது.

2024 ஆனியில் ஆரம்பித்தது. செருகினால் சார்ஜ் ஏறும், கம்ப்யூட்டர் ஒரு 'டிங்'கூடச் சொல்லாது. முதல் குற்றவாளி கேபிள். பஸ் ஸ்டாண்டில் ஐம்பது ரூபாய்க்கு வாங்கியது, உள்ளே சார்ஜுக்கு வேண்டிய இரண்டு வயர் மட்டும் இருந்தது, ஃபைல் போகிற டேட்டா வயரே கிடையாது. இப்படியும் விற்கிறார்கள், வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பெட்டியோடு வந்த கேபிளைத் தேடி எடுத்துப் போட்டதும் 'டிங்' வந்தது. அதிலும் ஃபோல்டர் காலியாகக் கிடந்தது. போன் லாக்கில் இருந்தால் ஒன்றும் காட்டாது, திறந்து, மேலிருந்து இழுத்து, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தொட்டால்தான் உண்டு. முந்திய ஆண்ட்ராய்டு போன்களெல்லாம் பென்டிரைவ் மாதிரி வந்து நிற்கும், இப்போது பாதுகாப்பு என்ற பெயரில் ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்கிறது. செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டி, மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன் என்ற பகுதியைத் திறந்து, யுஎஸ்பிக்கு ஃபைல் டிரான்ஸ்ஃபரையே நிரந்தரமாக வைத்தேன். பாதி நிம்மதி.

மீதிப் பாதி அந்த ராத்திரியில் போனது. பதினோரு மணிக்கு மேல் பேட்டையிலிருந்து இரண்டு பேர் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்காக வந்தார்கள், அண்ணன் தம்பி. கையில் ஃபிரேம் போட்ட அப்பா படம். பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது, பிரித்தால் கிழியும், ஸ்கேனரில் வைத்தால் வெளிச்சம் அடிக்கும். சாய்த்து வைத்துப் போனில்தான் எடுத்தேன், அருமையாக வந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. யுபிஎஸ் கீ கீ என்று கத்துகிறது, பத்து நிமிஷம் தாங்கும். மோடம் அணைந்துவிட்டது, கடைக் கம்ப்யூட்டரில் வைஃபை கிடையாது, இருக்கிற ஒரே வழி கேபிள். செருகினேன், சத்தமே இல்லை. முன் போர்ட்டில் போட்டேன், பின் போர்ட்டில் போட்டேன், மேஜைக்கு அடியில் முழங்கால் போட்டு உட்கார்ந்து டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு போட்டேன். மூத்தவர் மெதுவாக, "அண்ணாச்சி, அப்பா மூஞ்சி மட்டும் தெளிவா வரணும்" என்றார். அவருக்குப் பதில் சொல்ல வாயில் டார்ச்.

எரிச்சலில் போன் பக்கத்து முனையைப் பிடுங்கி, தலைகீழாகத் திருப்பிச் செருகினேன். 'டிங்'.

இந்தப் போனில் இருக்கிற டைப்-சி ரக முனை எந்தப் பக்கம் செருகினாலும் வேலை செய்யும் என்றுதானே சொல்லி விற்கிறார்கள்! அன்று டிசைனை முடித்துப் பென்டிரைவில் போட்டு ஜெனரேட்டர் உள்ள பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன், விடியுமுன் ஒட்டிவிட்டார்கள். ஆனால் அதற்கு அடுத்த ஏழெட்டு மாசம் நான் இந்தப் போனை ஒரு பக்கமாக மட்டும் செருகி வாழ்ந்தேன். எந்தப் பக்கம் என்று மறக்காமல் இருக்கக் கேபிள் முனையில் பூக்கட்டும் சிவப்பு நூலைச் சுற்றினேன். நூல் மேலே பார்த்து இருக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு ஒரு வாடிக்கையாளர் "திருஷ்டிக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

அப்புறம் நூல் பக்கமும் கைவிட்டது. சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய்க் கொடுத்தால், திறந்துகூடப் பார்க்காமல் "மெயின் போர்டு சார், ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்பேன். வண்ணார்பேட்டையில் ஒரு தம்பி ஒற்றை மேஜை போட்டு ரிப்பேர் பார்க்கிறான், அவனிடம் கொடுத்தேன். லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தவன் முதலில் கேட்ட கேள்வி:

"என்ன அண்ணாச்சி, ஊக்கு கொண்டு குத்தினியளோ?"

குத்தினேன்தான். இரண்டு மாசத்துக்கு முன்னால். ஒத்துக்கொண்டேன்.

அவன் போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியைச் சீவி, துவாரத்தின் ஓரமாகவே விட்டு நெம்பினான். சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு வந்தது. விளக்குத் திரியை அழுத்திச் சதுரமாக வெட்டியது போல இறுகிப்போயிருந்தது. கையில் வைத்துத் தேய்த்தால் பேப்பர் தூள். என் கடையில் கட்டிங் மெஷின் கக்குகிற தூள் சட்டைப் பைக்குள் இறங்கி, அங்கிருந்து போனுக்குள் போய், ஒவ்வொரு தடவை கேபிள் செருகும்போதும் நானே இடித்து இறுக்கியிருக்கிறேன். போதாக்குறைக்கு ஆனி ஆடிக் காத்து, அது கொண்டுவருகிற புழுதி.

சார்ஜ் மட்டும் எப்படி ஏறியது என்று கேட்டேன். அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்: போனின் துவாரத்தில் மொத்தம் 24 பின், அதாவது கேபிளைத் தொடுகிற சின்ன உலோக முனைகள். நடுவில் நாக்கு மாதிரி ஒரு தகடு, அதன் மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு. கரண்டுக்கு நாலு, கரண்டு திரும்பிப் போகிற கிரவுண்டுக்கு நாலு, இரண்டு பக்கமும் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும். சாதாரணக் கேபிளின் டேட்டா வயர் இரண்டும் முனையில் ஒரு பக்கம் மட்டும்தான் உண்டு. நேராகச் செருகினால் தகட்டின் ஒரு பக்கப் பின்னைத் தொடும், திருப்பினால் மறுபக்கப் பின்னை. ஒரு பக்கம் தூள் மூடியிருந்தால் திருப்பிப் போட்டதும் வேலை செய்யும். என் சிவப்பு நூலின் ரகசியம் அவ்வளவுதான். மறுபக்கம் என் ஊக்குக் கைங்கரியத்தில் போனது.

போர்டே போச்சா என்றால் இல்லை. சார்ஜிங் துவாரம் தனியாக ஒரு சின்னப் போர்டில் உட்கார்ந்திருக்கிறது, பட்டையான ஒரு ரிப்பன் வழியாக மெயின் போர்டுக்குப் போகிறது. அதை மட்டும் மாற்றினான், 450 ரூபாய், அரை மணி நேரம். இப்போது எப்படிச் செருகினாலும் 'டிங்'. கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது, இரண்டு நாள் வேலை இல்லாவிட்டாலும் செருகிச் செருகிப் பார்த்தேன்.

மூணாம் நாள்தான் கவனித்தேன், சார்ஜ் ஊர்கிறது. முன்பு இரண்டரை மணி நேரத்தில் நிறையும், இப்போது நாலு மணி நேரம். ஃபாஸ்ட் சார்ஜிங் என்ற எழுத்தே வருவதில்லை. தம்பியிடம் போய்க் கேட்டால், "ஒரிஜினல் போர்டு இப்ப வரதில்ல அண்ணாச்சி, இது காப்பி, சார்ஜ் மெதுவாத்தான் ஏறும்" என்கிறான். போடுமுன்னே சொல்லியிருக்கலாமே என்றேன். "ஃபைல் போகணும்னுதான கேட்டிய?" என்று திருப்பிக் கேட்டான். அதுவும் சரிதான்.

ஆக, மச்சினனுக்குப் பதில்: வாங்காதே. நாலாயிரமில்லை, இரண்டாயிரத்துக்குக் கொடுத்தாலும் வேண்டாம், தென்காசிக்காரர் எந்த ஊக்கால் குத்தியிருக்கிறாரோ. ஒருவேளை நேரில் போய்ப் பார்ப்பதாக இருந்தால் லேப்டாப்பும் நல்ல கேபிளும் கொண்டு போ, நேராக ஒரு தடவை, திருப்பி ஒரு தடவை செருகிப் பார்.

என்னுடையதை விற்பீர்களா என்று அவன் அடுத்துக் கேட்பான், எனக்குத் தெரியும். விற்கமாட்டேன். ராத்திரி பத்து மணிக்குச் சார்ஜில் போட்டால் இரண்டு மணிக்கு நிறைந்துவிடுகிறது, அந்த நேரத்தில் எனக்கு அதனிடம் என்ன வேலை? நூலைக் கேபிளிலிருந்து இன்னும் அவிழ்க்கவில்லை. கடையில் நாலு கேபிள் கிடக்கிறது, எது என்னுடையது என்று பையன்களுக்குத் தெரிய வேண்டுமே.